சிங்கம் இல்லாத வெள்ளி

வெள்ளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர் மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் என்பது ராஜரத்தினத்தின் பணிவான அபிப்பிராயம். அந்த ஒருவரைத் தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். மற்ற நேரங்களில் அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா.

அது சுதந்திரம் வரவிருந்த ஆண்டு. மலாக்காவில் ஒரு பக்கம் விளக்குத் தோரணம் கட்டினார்கள். இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். மூட்டையில் அடங்காததை எல்லாம் ஆங்கிலப் பத்திரிகையின் வரி விளம்பரத்தில் போட்டார்கள். ஒரு சாம்ராஜ்யம் கலைகிறபோது எவ்வளவு மெத்தைகள் மிஞ்சுகின்றன என்பதைச் சரித்திரக்காரர்கள் யாரும் எழுதுவதில்லை. ராஜரத்தினம் மட்டும் தினமும் படித்துவந்தார்.

விளம்பரம் படிப்பதில் அவருக்கு ஒரு சாஸ்திரம் இருந்தது. ‘அசல்’, ‘அபூர்வம்’, ‘பழமை’ என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அது பித்தளைமேல் பூசிய முலாம். ‘பாட்டனார் சொத்து’ என்றால் போன வருஷம் சிங்கப்பூரில் வாங்கியது. தோட்டத்து ரப்பர் குழாய்க்கும் மெத்தைக்கும் நடுவே ‘கொஞ்சம் வெள்ளிச் சாமானும் உண்டு’ என்று ஒரு வரி அநாதையாகக் கிடந்தால் மட்டும் சைக்கிளை எடுக்கலாம். வைத்திருப்பவனுக்கே அருமை தெரியாத பொருள்தான் அசல் பொருள். நேரில் போனதும் சாமானைக் கவிழ்த்து, அடியில் முத்திரை தேடவேண்டும். நடக்கிற சிங்கம் இருந்தால் வெள்ளி. பக்கத்தில் நங்கூரமும் இருந்தால் பர்மிங்ஹாம் வெள்ளி. சிங்கம் இல்லையென்றால் சாமானைக் கீழே வைத்துவிட்டு, மழை வருமா என்று பார்க்க வந்தவரைப் போல வானத்தைப் பார்க்கவேண்டும்.

ராஜரத்தினம் நிறைய வானம் பார்த்திருக்கிறார். எதையும் வாங்கியதில்லை. ஆகவே ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

இந்த மாசற்ற கீர்த்திக்குப் பங்கம் வந்தது அவருடைய வீட்டு அலமாரியிலிருந்துதான். மனைவி பாக்கியலட்சுமி மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே இருந்து, வீட்டில் மலாய் பேசி, கோயிலில் விபூதி பூசுகிற குடும்பம். அவளும் அவளுடைய அக்காள் ருக்மணியும் தமிழைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பேசக் கற்றார்கள். அம்மா போன பிறகு சகோதரிகள் இருவருக்கும் பொதுவாக ஒரு வெற்றிலைப் பெட்டி வந்தது. மலாயில் தேப்பாக் என்பார்கள். கொடியும் பூவுமாகச் செதுக்கிய பெட்டி. உள்ளே பாக்கு, சுண்ணாம்பு, காம்பீர் என்கிற காசுக்கட்டி, கிராம்பு வைக்க நாலு சின்னக் கிண்ணம். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் முடித்தாலும் அந்தப் பெட்டியில் வெற்றிலை வைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். பெட்டி போகாவிட்டால் தாய்வீடு சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு பாக்கியலட்சுமியுடையது. கணவர் வெள்ளி தெரிந்தவர் என்பதால் அக்காளே மனமுவந்து கொடுத்த பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜரத்தினம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். சிங்கம் இல்லை. நங்கூரம் இல்லை. ஒரு பூனைகூட இல்லை. செதுக்கல் இடுக்குகளில் கறுப்பு ஏறிக் கிடந்தது. ஒரு குடும்பமே தலைமுறைக் கணக்கில் ஏமாந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. அவர்களுடைய மனம் நோகக்கூடாது என்பதற்காக அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டார். ரப்பர் கம்பெனி பிரிட்செட் துரை ‘நாட்டுக் கலைப்பொருள் இருந்தால், பதிலுக்கு வெள்ளி தரப்படும்’ என்று விளம்பரம் போட்டபோது, பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சுட்ட ரொட்டித் துண்டுகளை நிற்கவைக்கிற ஒரு வெள்ளித் தாங்கியை வாங்கி வந்தார். அதன் அடியில் சிங்கம் இருந்தது. அந்த வீட்டில் யாரும் ரொட்டியை நிற்கவைத்துச் சாப்பிடுவதில்லை. ஆகவே அதில் மின்சாரக் கட்டணச் சீட்டுகளைச் செருகி வைத்தார். வெள்ளைக்காரனையே ஏமாற்றிவிட்டோமே என்ற இரக்கத்தில் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

“தேப்பாக் எங்க?” என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

“ஜாலான் பெண்டஹாராவுல ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன். கறுப்பு ஏறிப்போச்சு, மெருகு போடணும்.”

அவள் நம்பினாள். வெள்ளி விஷயத்தில் அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

ஆகஸ்டு மாதம். காப்பிக்கடையில் உட்கார்ந்து விளம்பரப் பக்கத்தை விரித்தார். பழம்பொருள் சேகரிக்கிற ஒருவர் கொடுத்திருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘பழைய மலாய் வெள்ளி வெற்றிலைப் பெட்டிகள் தேவை. இவ்வகை வேலைப்பாடுகளில் முத்திரை எதுவும் இராது. செதுக்கலில் ஏறிய கறுப்பே அடையாளம். தயவுசெய்து மெருகிட வேண்டாம்.’

ராஜரத்தினம் அதை மறுபடி படித்தார். இங்கிலாந்துச் சிங்கம் இங்கிலாந்துத் தட்டுக்குத்தான் காவல் நிற்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காப்பி ஆறியது. குடிக்காமல் எழுந்தார். கடைக்காரன் கூப்பிட்டுச் சொன்னபிறகுதான் குடையை எடுத்தார்.

வீட்டில் ருக்மணி உட்கார்ந்திருந்தாள். மகள் சிவகாமசுந்தரிக்கு இடம் முடிந்துவிட்டதாம்.

“வெள்ளிக்கெழம வெத்தல கொண்டு போறோம். தேப்பாக் ரெடி தானே, ரத்தினம்?”

“ஆசாரிகிட்ட இருக்கு அக்கா.”

“இவ்ளோ நாளாவா? அந்த ஆசாரி கோயில் தேரு செய்றாரா?”

“நல்ல வேல நிதானமாத்தான் நடக்கும்.”

“எனக்குத் தேப்பாக் வேணும், அவ்ளோதான். அது இல்லாம என் பிள்ளைய அனுப்ப மாட்டேன். மாப்பிள்ள வீட்டுக் கெழவி முந்தியே கேட்டுட்டா, ஒங்க வீட்டு தேப்பாக் வருமில்லன்னு.”

“அவரு கொண்டாந்துருவாரு கக்கா,” என்றாள் பாக்கியலட்சுமி. அக்காளை அவள் மலாய் வழக்கில் கக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த நம்பிக்கைதான் ராஜரத்தினத்தை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பிரிட்செட் துரையின் பங்களாவுக்குப் போனார். வலி பொய்யில்லை. கதவு பூட்டியிருந்தது. காவல்காரன் நிழலில் குந்தியிருந்தான்.

“தொரை கோலாலம்பூர் போய்ட்டாரு. அங்கேருந்து கப்பலு.”

“சாமானெல்லாம்?”

“வேற எதோ மேம் வீட்டுல போட்டு விக்கிறாங்க.”

“எந்த மேம்?”

“எல்லா மேமும் எனக்கு ஒரே மாதிரி தாங்கையா.”

ஆக, தன் வீட்டுப் பெட்டியைத் தானே விளம்பரத்தில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய நிலை. விற்பவர் பெயரை யாரும் போடுவதில்லை. பொருளைப் பற்றி எழுதியிருப்பதோ பொய். பொய்யைப் படித்து உண்மையைக் கண்டுபிடிப்பதில் ஊருக்கே நிபுணரான ஒருவர், பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் விளங்காமல் விழித்தார். கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் முறையிட்டார். பிள்ளையாரின் வெள்ளிக் கவசத்தைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றாதது அதுவே முதல் தடவை.

‘அசல் பழமையான அபூர்வ வெள்ளி வெற்றிலைப் பெட்டி. விலாசம் செமாபோக்.’ சாஸ்திரப்படி இது முழுப் பொய். மூழ்குகிறவனுக்கு ஏது சாஸ்திரம். வெயிலில் சைக்கிளை மிதித்தார். அது வெள்ளைக்காரர் வீடுகூட இல்லை. கருணாகரன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுமினிய வர்ணம் பூசிய பிஸ்கட் டின் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“தட்டிப் பாருங்க. என்னா சத்தம்.”

“இது டின்னு சார்.”

“வெள்ளியும் அப்பிடித்தான் சத்தம் குடுக்கும்.”

“முத்திரை எங்க?”

“முத்திரை வேணுமா? நாளைக்கு வாங்க, போட்டு வெக்கிறேன். நீங்க காஜா பேராங் ரத்தினம் தானே? எதையும் வாங்காத ஆளுன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொல்லிருக்காங்க.”

வியாழக்கிழமை வந்துவிட்டது. பாக்கியலட்சுமி புதுக் கெபாயா ரவிக்கை எடுத்து மடித்து வைத்திருந்தாள். பெட்டிக்கு விரிக்கச் சிவப்புப் பட்டுத் துணியும் துவைத்துப் போட்டிருந்தாள். கொடியில் அது ஆடுவதைப் பார்க்க முடியாமல் அவர் திரும்பி உட்கார்ந்து பத்திரிகையைக் கடைசியாக ஒருமுறை படித்தார். புக்கிட் பெரிங்கிட்டில் ஒரு பங்களா. கொசுவலை, தையல் இயந்திரம், கிராமபோன் ஊசி, நாட்டுச் சாம்பல் கிண்ணம் நாலு பெட்டியுடன், மெத்தை.

முந்தின நாளும் இதைப் படித்தவர்தான். வெள்ளி என்ற சொல் இல்லாததால் தாண்டிப் போயிருந்தார். நாலு கிண்ணம். ஒரு பெட்டி. அவர் சைக்கிளை எடுத்தார்.

பங்களா வராந்தாவில் மேசைகள் போட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். ஓரமாக இருந்தது தேப்பாக். மூடி திறந்து கிடந்தது. நாலு கிண்ணத்திலும் சிகரெட் துண்டுகள். வந்துபோகிறவர்கள் அந்த நேரத்திலும் அதில் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்கு வைத்த பொருளின் பயனைச் செய்து காட்டுவதுபோல் இருந்தது. ராஜரத்தினம் கையை நீட்டினார்.

“ரத்தினம், நீங்களும் வந்திருக்கீங்களா?”

ருக்மணி. கையில் பை, கண் தையல் இயந்திரத்தின் மேல்.

“பிள்ளைக்கு மெஷின் பாக்கலாம்னு வந்தேன். நீங்க என்னா?”

“கொசுவலை அக்கா.”

அவள் பார்வை மேசை ஓரத்துக்கு வந்து நின்றது. “இது நம்ம தேப்பாக் மாதிரி இல்ல?”

இந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிபுணரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ராஜரத்தினம் பெட்டியை எடுத்துக் கவிழ்த்து, கொட்டிய சாம்பலைப் பொருட்படுத்தாமல் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சிங்கம் இல்ல. இது போலி.”

“போலியா.”

“சந்தேகமே இல்ல. நம்மது ஆசாரிகிட்ட இருக்குல்ல.”

ருக்மணி ஒரு கிண்ணத்தை எடுத்தாள். சிகரெட் துண்டுகளைப் பூந்தொட்டியில் கொட்டிவிட்டு, கைக்குட்டையால் உட்புறத்தைத் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் மலாயில்தான் பேசுவாள். அன்று தமிழில், சொல் சொல்லாகப் பேசினாள்.

“இங்க பாருங்க. விளிம்புல ஒரு பள்ளம். சின்னப் பிள்ளையில நான் கடிச்சது. அம்மா அடிச்சாங்க. இந்தப் போலியையும் நான்தான் கடிச்சேனா?”

ராஜரத்தினம் வானத்தைப் பார்த்தார். மழைக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

அவள் வீட்டுக்கார மேமிடம் போய்ப் பேசினாள். மெத்தையை எடுத்துக்கொள்வதானால் சாம்பல் கிண்ணங்கள் இலவசம் என்று மேம் சொன்னாள். யாரும் மெத்தை வாங்கவில்லையாம். பிச்சை என்ற சமையல்காரர் பெட்டியைப் பழைய பத்திரிகையில் சுற்றித் தந்தார்.

“எதுக்குமா இது? ஒரே சாம்பல் நாத்தம். வெளக்கினாலும் போகாது.”

“போகும்,” என்றாள் ருக்மணி.

பெச்சா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் மெத்தையை ஏற்றி, அதன்மேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு பாக்கியத்த கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னால நீங்களே அவகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா அவ வந்து என் வீட்டுல தங்கிருவா.”

பெச்சா நகர்ந்தது. பெச்சாவை விட மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது கஷ்டமான வித்தை. ராஜரத்தினம் அதைப் புக்கிட் பெரிங்கிட்டிலிருந்து காஜா பேராங் வரைக்கும் செய்தார்.

பாக்கியலட்சுமி அம்மியில் மிளகாய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு.

“கெடச்சுதா? ஆசாரி குடுத்துட்டாரா?”

“ஒங்கக்கா வீட்டுல இருக்கு.”

“அங்க எப்பிடி போச்சு?”

அவர் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். ரொட்டித் தாங்கியிலிருந்து ஆரம்பித்தார். சிங்கத்தைச் சொன்னார், துரையைச் சொன்னார், இல்லாத ஆசாரியைச் சொன்னார். அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. குழவி போய்வந்துகொண்டே இருந்தது. சாம்பல் என்ற இடம் வந்தபோது நின்றது.

“எந்தக் கிண்ணத்துல?”

“எல்லாத்துலயும்.”

“அம்மா சுண்ணாம்பு வெக்கிற கிண்ணத்துலயுமா?”

அவள் கையைக் கழுவினாள். ஒரு புளி உருண்டையைத் துணியில் முடிந்துகொண்டாள். கொடியில் கிடந்த சிவப்புப் பட்டையும் எடுத்துக்கொண்டாள்.

“எங்க போற?”

“கக்கா தனியா ஒக்காந்து வெளக்கிக்கிட்டு இருப்பா.” வாசலில் செருப்பை மாட்டினாள். “சோறு பொங்குது. எறக்கத் தெரிஞ்சா எறக்கி வைங்க.”

திரும்பி வருவாளா என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சாலைக்குப் போயிருந்தாள். உலைமூடி தடதடவென்று ஆடத் தொடங்கியது. எதைப் பிடித்து இறக்குவது என்று தெரியாமல் அவர் அடுப்பின் எதிரே நின்றார்.