சூசை அண்ணன் எடுத்த பூச்சி

அரூர் வாய்க்கால் வேலையில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. டிரைவர் முனுசாமி இறங்கி வந்த விதமே சரியில்லை. "சார், சூசை சார் தவறிட்டாருங்க. காலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிருச்சுங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இனி இந்த மனிதரை ஜெயிக்கவே முடியாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இதைப் படிக்கிற ஆபீஸ் நண்பர்கள் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். உங்களிடம் மழுப்ப எனக்குத் தெரியாது.

சூசைநாதனும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். அவர் எனக்கு ஆறு வருடம் மூத்தவர். நீலகிரியில் மின்திட்ட வேலையில் இருந்தபோது இருவருக்கும் அடுத்தடுத்த அறை. அங்கே ஓடைகளில் டிரவுட் மீன் உண்டு. அதற்குப் புழு கோத்துப் போடக் கூடாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலச் செய்து வீச வேண்டும். அந்தப் பைத்தியம் இருவரையும் ஒரே மாதத்தில் பிடித்தது. பிறகு தருமபுரிக்கு மாற்றலாகி வந்தோம். வருடத்துக்கு ஒரு முறை லீவு போட்டு மலையேறுவோம். மற்ற நாளெல்லாம் பூச்சி கட்டுவோம்.

நாங்கள் கட்டியது பெரும்பாலும் கேடிஸ் பூச்சி. நிஜப் பூச்சி ஓடைக் கல்லுக்கு அடியில் மணலை ஒட்டிக் கூடு கட்டி வாழும். வளர்ந்ததும் மேலே வந்து பறக்கும். உட்காரும்போது இறக்கையை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மடித்துக்கொள்ளும். நாங்கள் கட்டுவதில் உடம்புக்கு முயல் காது மயிர், சுற்ற தருமபுரிப் பட்டு நூல், இறக்கைக்குக் கௌதாரி இறகு. ஏரியூரில் அவருடைய மச்சான் கூண்டில் கௌதாரி வளர்த்தார். அது உதிர்க்கும் இறகில் வரி நன்றாக விழுந்ததை எனக்குக் கொடுத்துவிட்டு, மீந்ததை அண்ணன் வைத்துக்கொள்வார். அதுவே எனக்கு எரிச்சல். போட்டி என்று நினைக்கிறவன் நல்ல இறகைக் கொடுப்பானா?

நான் வெர்னியர் அளவுகோல் வைத்து இறக்கையை அளந்து கட்டுவேன். அவர் கட்டுவது, உண்மையைச் சொல்கிறேன், கந்தல். தலைப்பக்கம் நூல் மூட்டை மாதிரி இருக்கும். ஒருமுறை சுட்டிக் காட்டினேன். "ஏந்தம்பி, மீனு ஸ்கேல் வெச்சா பாக்குது? வாயத் தொறந்துதானே பாக்குது" என்றார்.

ஆனால் எந்தப் பூச்சியைப் போடுவது என்று எடுப்பதில் அவருக்கு இருந்தது வெறும் கை ராசி அல்ல, கண். விடிந்ததும் ஓடைக் கரைப் புதர்களில் சிலந்தி வலை தேடுவார். வலையில் செத்துக் கிடக்கும் பூச்சியை விரல் நுனியில் எடுத்து, "பாருங்க தம்பி, ராத்திரி சந்தைக்கு வந்த சரக்கு இது. இன்னிக்கி இதுதான் வெல போவும்" என்பார். பிறகு என் டப்பாவை வாங்குவார். அதில் ஒரு பக்க இறக்கை பிய்ந்துபோன ஒன்றை எடுத்தார் ஒரு நாள்.

"அது ஒடஞ்சதுண்ணே."

"இருக்கட்டும். ஒடஞ்சத மெல்லறது மீனுக்கும் சுளுவுதானே."

மூன்று மீன் பிடித்தார். எனக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் ஆபீஸில் அதற்கு 'சூசை சார் பூச்சி' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். "கட்டுனது தம்பிங்க" என்று அவர் சொல்லத்தான் செய்தார். நீங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை: ஒரு தடவையாவது அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

போன சீசனில் அந்த நாள் வந்தது. மடை ஒன்றுக்குக் கீழே ஆழமான இடம். வலைகளில் எல்லாம் வெளிர் நிறப் பூச்சி. "வெளுத்தத போடுங்க தம்பி" என்றார். நான் யோசித்தேன். சிலந்தி பிடிப்பது மேலே வந்து பறந்ததை. தண்ணீர் மேல் ஒரு மீனும் வாய் வைக்கவில்லையே. அப்படியானால் அவை அடியில், இன்னும் மேலே வராததைத் தின்கின்றன. எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பி சுற்றி, கனமாகக் கட்டிய கருப்புப் பூச்சி ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டு மூழ்க விட்டேன். இரண்டாவது வீச்சில் கோல் வளைந்தது. எங்கள் இருவர் கண்ணிலும் அதுவரை படாத பெரிய மீன்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தானே அத்தனை வருடம் கட்டினேன்! அந்த மனிதர் ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தார். "புடிச்சிட்டாண்டா! புடிச்சிட்டாண்டா!" என்று யாருமில்லாத மலையைப் பார்த்துக் கத்தினார். ஊட்டியிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட, "எங்க தம்பி மூளய போட்டுப் புடிச்சதுங்க. நான் சொன்னதக் கேட்டிருந்தா கோட்ட விட்டிருப்போம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெயித்தது நான், சந்தோஷம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் கேட்டே விட்டேன். "அண்ணி, அந்தப் பெரிய மீனப் பத்தி அண்ணன் ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"சொன்னாராவா? வூட்டுக்கு வந்த ஒருத்தர விடலீங்க. கைய விரிச்சுக் காட்டுவாரு, ஒவ்வொரு தடவையும் அர அடி வளந்துரும். புடிச்சது அவுங்க, நீங்க எதுக்குக் குதிக்கறீங்கன்னு நானே திட்டியிருக்கேன்."

"மனசுக்குள்ள வருத்தம் எதுவும் இல்லீங்களா?"

"வருத்தமா? எதுக்குங்க?"

நிஜமாகவே அண்ணிக்குப் புரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நண்பர்களே, அவரைவிட நன்றாகக் கட்டினேன். ஒரு நாளாவது அவரைவிடச் சரியாக எடுத்தேன். இரண்டையும் இனி யாரும் மறுக்க முடியாது. ஆனால் இன்னொருவன் தூண்டிலில் மீன் மாட்டியதற்கு அப்படி ஷூ நனையக் குதிக்க எனக்கு வராது. முயன்று பார்த்தாலும் வராது. மீன் விஷயத்தில் இருந்த பொறாமை அவரோடு போய்விட்டது. இந்தப் பொறாமை புதிது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.