குழாய் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன்

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. அந்த வாரம் திங்களன்று மதிய உணவுக்கான அரிசி வரவில்லை. செவ்வாயன்று ஒன்றாம் வகுப்புக் கூரை ஒழுகியது. புதனன்று கழிப்பறைக் குழாய் உடைந்ததால் பிளம்பருக்குச் சொல்லியிருந்தேன்.

வியாழன் காலை, தோளில் கருவிப் பையும் சிமென்ட் படிந்த சட்டையுமாக ஒருவர் அலுவலக வாசலில் நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே, "இப்பத்தான் வரேளா? எத்தனை நேரம் காத்திருக்கறது! குழாய் பின்னால இருக்கு, போய்ப் பாருங்கோ" என்று சீறினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் வந்தார். அவர்தான் நான் வரச்சொன்ன பிளம்பர். "டீச்சரே, பைப் ஆரோ சரியாக்கிட்டுண்டல்லோ!" என்றார். குழாயை யாரோ ஏற்கெனவே சரிசெய்திருக்கிறார்களாம்.

பதறி வெளியே போனேன். வராந்தாவில் அந்த மனிதர் நனைந்த சட்டையோடு ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொண்ண மூணாம் வகுப்புல சேர்க்கணும் டீச்சர். ஊரு தென்காசி. இங்க கட்டட வேலை பாக்குறேன்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கோவமா இருந்தீங்க. முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அவரை விரட்டியதை வாசல் ஓரத்தில் நின்று அந்தக் குழந்தை முழுக்கக் கேட்டிருக்கிறாள். அவள் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிறேன். எதற்காக வந்தார்கள் என்பதை அவர்கள் சொல்லி முடித்த பிறகே நான் வாய் திறக்கிறேன்.