மாற்ற முடியாத இனிஷியல்

எண்பதுகளின் கடைசியில், திருப்பதியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் அவரோடு வேலை பார்த்தேன். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கும். செருப்பை வெளியே விட்டு வந்து, கீபோர்டை முந்தானையால் துடைத்த பிறகுதான் உட்காருவார்.

ஊழியர் விவரங்களுக்கு அவர்தான் புரோகிராம் எழுதினார். ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒருவரின் விவரமெல்லாம் சேர்ந்த ஒரு பதிவு. முகவரி, பதவி எல்லாம் மாற்றலாம். இனிஷியலை மட்டும் ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஒருமுறை போடுவதோடு சரி. பிறகு படிக்க மட்டுமே முடியும்.

“கல்யாணமானா இனிஷியல் மாறிடுமே மேடம்?” என்றேன்.

திரையில் இருந்த தன் பெயரைக் காட்டினார். “நைனா போயி மூணு வருசமாவுது சார். அவுரு எழுத்து ஒண்ணுதான் என்கூட வந்துகினு இருக்குது. மாத்தணும்னா இவளை அழிச்சிட்டு வேற ஒருத்தியத்தான் உருவாக்கணும்.”

அடுத்த தையில் கல்யாணமாகிப் பலமனேர் போய்விட்டார். சில மாதம் கழித்து, புது இனிஷியலில் சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டு அவரே கடிதம் எழுதியிருந்தார். அவர் சொன்னபடியே புதிதாக ஒருவரை உருவாக்கினேன். பழையவரை அழிக்கத்தான் கை வரவில்லை.

அங்கிருந்த வரைக்கும், யாருமில்லாத நேரத்தில் அந்தப் பழைய பதிவைத் திறப்பேன். படிக்க மட்டுமே முடிந்தது.