கேசட் இல்லாத பெட்டி

பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியின் வாயில் தூசு போக ஊதுகிறாள் கிர்ஸ்டி. ஒருமுறை நீளமாக, பிறகு இரண்டு முறை சின்னதாக. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் பெட்டியின் விசையை நகர்த்துகிறாள். திரை சாம்பல் நிறமாகிறது. வேறொன்றும் வராது, ஏனென்றால் உள்ளே கேசட் இல்லை. சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து, “உசிரு இருக்கு” என்று சொல்லி அணைத்துவிடுகிறாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், காலைப் பயிற்சிக்காரர்கள் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், கனடாவில், எங்கள் தண்டர் பே ஊரின் பனிச்சறுக்கு அரங்கில் உள்ள ஊழியர் அறையில் இது நடக்கும்.

கிர்ஸ்டி லஹ்தினன் பனித்தளத்தை இழைக்கும் வண்டியை ஓட்டுகிறவள். பதினெட்டு வருடங்களாக அதே வண்டி, அதே நீள்வட்டம். அகன்ற தோள், காதை மூடிய கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே எலிவால் போல ஒரு பின்னல். சறுக்குக் காலணிகளின் கத்திகள் தரையில் எழுப்பும் ஓசையைக் கேட்டே பனி மென்மையாக இருக்கிறதா, நொறுங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில்தான். அடுப்பு பழுதா? “இருக்கட்டும், பாத்துக்கலாம்.” சம்பளம் உயரவில்லையா? “இருக்கட்டும், பாத்துக்கலாம்.”

நான் அரங்கில் காபிக் கடை வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு ஒரு பெர்ஷியன் வாங்குவாள், அந்த இளஞ்சிவப்புப் பாகு தடவிய ரொட்டி. கத்தியால் சரிபாதியாக நறுக்கி, ஒரு பாதியைச் சாப்பிட்டு, மறுபாதியைக் காகிதத்தில் சுற்றி மேசையிலேயே வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அதைக் குப்பையில் போடுவது என் வேலை. யாருக்கு என்று ஒருநாள் கேட்டதற்குப் பழக்கம் என்றாள்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் ஹெய்டி. கிர்ஸ்டிக்குப் பன்னிரண்டு, ஹெய்டிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தள்ளுபடிக் கூடையிலிருந்து அவர்கள் அம்மா ஒரு விளையாட்டுக் கேசட்டை எடுத்துவந்தாள். அட்டையில் ஓர் எறும்புத்தின்னி. ஓடித் தாவும் விளையாட்டுகளில் அது அப்போது பெரிய நட்சத்திரம். ஆனால் இந்தக் கேசட்டில் அது ஓடாது, தாவாது. உடம்பைச் சுருட்டிப் பந்தாகிவிடும். கீழே இருக்கும் இரண்டு துடுப்புகளால் அதை மேலே மேலே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பின்பால் ஆட்டம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிய அந்தக் கேசட்டைத்தான் இரண்டு பேரும் ஆறு வருடம் ஆடினார்கள். கன்ட்ரோலர் ஒன்றுதான் இருந்தது. இடது துடுப்பை அக்கா அமுக்குவாள், வலது துடுப்பைத் தங்கை. தோளோடு தோள் ஒட்டினால்தான் இருவர் கையும் எட்டும்.

“பாவம் அந்த ஜீவன்” என்று கிர்ஸ்டி என்னிடம் ஒருமுறை சொன்னாள். “அதுக்கு ஓட இடமே குடுக்கல. அடிச்சா பறக்கணும், அடிக்கலைன்னா விழணும். அவ்ளோதான் அதோட வாழ்க்கை.”

ஹெய்டி படித்தாள், வின்னிபெக்கில் வேலை கிடைத்தது, அங்கேயே ஃப்ரீசன் என்பவரை மணந்துகொண்டாள். கிர்ஸ்டி அம்மாவோடு இருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த நான்கு வருடமும் துடைத்ததும் ஊட்டியதும் அவள்தான். பத்து வருடங்களுக்கு முன் அம்மா போன பிறகு, இருவரும் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அலுத்துப்போன நேரத்தில் ஏதோ அலமாரிப் பேச்சு முற்றி, ஹெய்டி சொன்னாள்: “அம்மாவுக்காக இருந்தேன்னு சொல்லிக்காத. போக வேற இடம் இல்லாமதான இங்கயே இருந்துட்ட.”

கிர்ஸ்டி விளையாட்டுப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். கேசட் அதற்கு முன்பே ஹெய்டியின் கோட்டுப் பையில் போயிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

இதையெல்லாம் அறிந்த நான் போன வருடம் ஒரு தப்புச் செய்தேன். பழைய பொருள் சந்தையில் அதே எறும்புத்தின்னிக் கேசட்டை உறைகூடப் பிரிக்காமல் பார்த்து, அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். கிர்ஸ்டி நன்றி சொன்னாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பிரிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

சறுக்குக் கத்தி தீட்டும் எங்கள் ஆள் கோர்ட் விடவில்லை. “போட்டுப் பாரேன். எல்லாம் ஒரே கேசட்தான?”

“இல்ல” என்றாள் கிர்ஸ்டி. “அது அவகிட்ட இருக்கு. அவ எடுத்துட்டு வருவா.”

இந்தப் பிப்ரவரியில் சிறுமிகளுக்கான ஹாக்கிப் போட்டி எங்கள் அரங்கில் நடந்தது. வின்னிபெக் அணியின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டியது கிர்ஸ்டிதான். ஒட்டியவள் அங்கேயே நின்றாள். பதினான்காம் எண், பிரின் ஃப்ரீசன். ஹெய்டி கணவரின் குடும்பப் பெயர். அன்று பெர்ஷியன் வாங்க வரவில்லை.

சனிக்கிழமை முதல் ஆட்டத்தின் இடைவேளையில் வண்டியை இறக்கினாள். பார்வையாளர் வரிசையில் பச்சைக் கோட்டு அணிந்த ஒருத்தி எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகவாய் இருவருக்கும் ஒன்றே. கிர்ஸ்டி திரும்பவில்லை. ஆனால் வண்டி உள்ளே போன பிறகு பார்த்தால், தளத்தின் நடுவே இழைக்காமல் விட்ட வெள்ளைப் பட்டை ஒன்று நீளமாகக் கிடந்தது. கோர்ட் என் பக்கம் குனிந்து, இவளுக்கு இன்னைக்கு என்னவோ ஆயிடுச்சு என்றான்.

ஞாயிறு காலை, வேறு அணிகளின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பச்சைக் கோட்டு ஊழியர் அறைக் கதவைத் தட்டியது. நான் அப்போது பால் பெட்டி வைக்க உள்ளே போயிருந்தேன். வெளியேறத் தோன்றவில்லை, அதற்கு வழியும் இல்லை. ஹெய்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா.”

கிர்ஸ்டியின் பார்வை அவள் முகத்துக்குப் போகவில்லை, கைகளுக்குப் போனது. வெறுங்கை.

ஹெய்டிக்குப் புரிந்துவிட்டது. “அது இல்லக்கா. நிலவறையில தண்ணி புகுந்துச்சு. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு பெட்டியோட எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டு வரதுன்னு...”

ஏழு வருடம். கிர்ஸ்டி ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஊதிக்கொண்டிருந்த அந்த ஏழு வருடமும், காத்திருந்த பொருள் உலகத்திலேயே இல்லை. அவள் முகத்தில் எழுந்தது கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்தாள். நான் கொடுத்த கேசட்டின் உறையைப் பல்லால் கிழித்தாள். தொலைக்காட்சியைப் போட்டு, பெட்டியில் செருகி விசையை நகர்த்த, திரையில் எறும்புத்தின்னி துள்ளி வந்து வணங்கியது.

“உக்காரு” என்றாள்.

இரண்டு பெரிய பெண்கள் ஒரு சின்ன சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கன்ட்ரோலரை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தார்கள். முதல் பந்து நேராக நடுவில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

“லேட்டா அமுக்கற.”

“நீதான் முன்னாடியே அமுக்கிட்டு நிக்கற.”

“வாய மூடிட்டு ஆடுடி.”

மூன்றாவது பந்து நின்று ஆடியது. மணிகள் அடித்தன, ஒரு கதவு திறந்தது. ஹெய்டி திரையைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் பேசினாள். “அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ இருந்ததாலதான் நான் போக முடிஞ்சுது. அது எனக்கு அப்பவே தெரியும்.”

“பந்து வருது பாரு” என்றாள் கிர்ஸ்டி.

ஹெய்டி அமுக்கினாள். பந்து மேலே போனது. கிர்ஸ்டியின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் முழங்கால்மேல் விழுந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

அதற்குள் அரங்கில் ஆட்டம் முடிந்த சங்கு ஊதிவிட்டது. தளத்தை இழைக்க வேண்டும். இவர்கள் ஆட்டம் பாதியில் நின்றது.

அடுத்த ஆட்டத்தில் வின்னிபெக் அணி தோற்றது. மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டால்தான் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்காவது ஊர் போய்ச் சேரலாம், எட்டு மணி நேரப் பாதை. அடுத்து எப்போது என்று ஹெய்டி கேட்டதற்கு, கிர்ஸ்டி பார்க்கலாம் என்றாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து பெய்த பனி கார்மீது ஒட்டி இறுகியிருந்தது. ஹெய்டியும் மகளும் உள்ளே ஏறிக்கொண்டார்கள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிர்ஸ்டி சுரண்டியை எடுத்துப் போய் முன்கண்ணாடியைச் சுரண்டினாள். பிறகு பக்கக் கண்ணாடிகள், பின்கண்ணாடி, நான்கு விளக்குகள். எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெய்டி வண்டியை நகர்த்தவில்லை. கிர்ஸ்டி சுற்றி முன்பக்கம் வந்தாள், மூக்கை உறிஞ்சினாள், குனிந்து, ஒரு துகள் பனியும் இல்லாத அந்தக் கண்ணாடியை மூலையிலிருந்து மறுபடி மெதுவாகச் சுரண்டத் தொடங்கினாள்.