சாம்பிள் பயணம்

பனி பார்க்கப் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்த அன்றைக்கே ஒருவருக்காவது நல்ல புத்தி இருந்திருந்தால், சத்தம் போடாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் யாரும் கிடையாது. பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பார்கள். கேட்டார்கள். கேட்டதோடு என் நிம்மதி போயிற்று. அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பிக்கு இன்னும் ஒரு பல்கூட விழவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் டெல்லியில் வேலை பார்த்த சித்தப்பா. காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, கைக்கொரு கம்பை ஊன்றி, மணாலிக்கு மேலே பனிச்சரிவில் அவர் சறுக்கிக்கொண்டு வரும் வீடியோ அப்பாவின் புதுப் போனுக்கு வந்தது. கடைசியில் குப்புற விழுந்து, வாயெல்லாம் பனியோடு எழுந்து, "அண்ணே, மே லீவுக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, மேல பனி இருக்கும்" என்றார். போன் சூடாகும்வரை நானும் தம்பியும் அதையே பார்த்தோம்.

அப்பாவின் பீங்கான் கம்பெனிக் கொல்லையில் வெள்ளைக் களிமண் குவியலாகக் கிடக்கும். மறுநாளே, சுடாத உருப்படிகளைக் காயவைக்கும் பலகைகளில் இரண்டை உருவிக் காலில் சணலால் கட்டிக்கொண்டு அதன் உச்சியில் ஏறினோம். தம்பி முதல் அடியிலேயே உருண்டு, கண் மட்டும் கறுப்பாகத் தெரிய எழுந்து நின்றான். அம்மா எங்களைக் குழாயடியில் நிறுத்தித் தேய்த்துக் கழுவி, முதுகில் ஆளுக்கு இரண்டு வைத்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. நிஜப் பனியில் சறுக்கினால்தான் ஆயிற்று என்று இருந்தது.

எங்களுக்கு இரண்டு தாத்தா, இரண்டு ஆயா. விருத்தாசலத்தில் எங்களோடு இருந்த, அப்பாவைப் பெற்றவர்கள் வீட்டுத் தாத்தா, வீட்டு ஆயா. சேத்தியாத்தோப்பில் நெல் வயலும் ஒரு பசுமாடுமாக இருந்த, அம்மாவைப் பெற்றவர்கள் தோப்புத் தாத்தா, தோப்பு ஆயா. அப்பா நாலு பேரையும் அழைத்தார். அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டது. வீட்டுத் தாத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சம்மந்தி வூட்டுக்காரங்க வந்தா நாங்களும் வரோம். அவங்கள உட்டுட்டு நாம மட்டும் போனா ஊருல இன்னா பேசுவாங்க?" வயதான இருவரையும் வீட்டில் தனியாக விட்டுவிட்டு அப்பா கிளம்ப மாட்டார். ஆக, நான் பனி பார்ப்பதும் பார்க்காததும் தோப்புத் தாத்தா சொல்லும் ஒரு 'சரி'யில் வந்து நின்றது.

அந்தச் சரியை வாங்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! "பனிக்கட்டி பாக்க அம்மாந்தூரம் போவணுமா மாப்ள? மீன் மார்க்கெட்டுல பொட்டி பொட்டியா இருக்குதே" என்றார் முதலில். அப்பா சிரித்துச் சமாளித்தார். பிறகு மாடு சினையாக இருக்கிறது என்றார். மாட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாள். பிறகு குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். அப்பா குரங்குக் குல்லா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தான் இல்லாவிட்டால் வயலுக்கு மோட்டார் யார் போடுவது என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனாரிடம் அப்பாவால் கோபப்பட முடியாது. "சரிங்க மாமா, பாத்துக்கலாங்க மாமா" என்று போனை வைத்துவிட்டு அம்மாமேல் பாய்வார். "உங்கப்பா இன்னா கலெக்டராபீஸா? ஒரு பதிலு வாங்க எத்தினி தடவ நடக்கறது?"

"கேட்டது நீங்க. பதிலையும் நீங்களே வாங்கிக்கிங்க" என்று அம்மா குண்டானை நங்கென்று வைப்பாள்.

இது போதாதென்று உடுப்புப் பிரச்சினை வேறு. பனிக்கு மேலே போக வேண்டுமென்றால் பெண்களும் தொளதொளவென்ற கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சித்தப்பா படம் அனுப்பினார். வீட்டு ஆயா படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "சம்மந்தி எதுர்ல நான் பேண்ட்டு போட்டுக்கிட்டு நிக்கணுமா? நல்லா இருக்குதுடா உன் ஞாயம்." புடவையை அதற்குமேல் கட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதெல்லாம் பேசும்போது தோப்புத் தாத்தா ரயிலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நேரில் போயிருந்தபோது ஒரு தடவை, "டெல்லி வரைக்கும் ரயிலு, சரி. அங்கேர்ந்து பஸ்ஸுன்றீங்களே மாப்ள, அது வழியில நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி முழுக்க மலையேறுகிற பஸ், சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் நிற்கும், மற்றபடி நிற்காது என்றார் அப்பா. "ஓகோ" என்றார் தாத்தா. பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தோப்பு ஆயா நிமிரவே இல்லை.

அப்பாவுக்குத் தொழில் புத்தி எப்போதும் கூடவே வரும். சூளையில் முழு லோடு ஏற்றுவதற்கு முன்னால் நாலு உருப்படியை மட்டும் வைத்துச் சுட்டுப் பார்ப்பார். சாம்பிள் சரியாக வந்தால்தான் மற்றது உள்ளே போகும். குடும்பத்தையும் அப்படியே செய்வது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு வேன் பிடித்து எல்லோரையும் ஏற்றி, வேப்பூர் வழியாகக் கல்வராயன் மலைவரை போய்த் திரும்புவது. வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. "பெரியவங்க தாங்கறாங்களான்னு ஒரு சாம்பிள் பாத்துட்டா, மாமாவுக்கும் பயம் போயிடும்" என்றார். இந்த யோசனைக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அன்று இன்னொரு டீ குடித்தார்.

அக்னி நட்சத்திர வெயிலில் கிளம்பினோம். சாம்பிள் என்றால் முழு சாம்பிள் என்று அப்பா ஸ்வெட்டர்களையும் போடச் சொல்லியிருந்தார். வீட்டு ஆயா ஊர் எல்லை தாண்டுவதற்குள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, காலில் சாக்ஸோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். தோப்புத் தாத்தா குல்லாவை மடியில் வைத்திருந்தார். குல்லாவுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. அது தோப்பு ஆயாவுடையது. ஆனால் காலையிலிருந்து அவர்தான் அதைச் சுமந்துகொண்டிருந்தார். தோப்பு ஆயா எங்களைப் பார்க்க வந்தால் முறுக்கு இல்லாமல் வந்ததில்லை. அதனால் பையில் என்ன இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்துக் கொடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் புரியவில்லை.

வேப்பூர் வருவதற்கு முன்பே தோப்புத் தாத்தா எழுந்து டிரைவரின் தோளைத் தொட்டார். "தம்பி, வண்டிய ஓரங்கட்டு. எனக்கு அவசரம்."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். வண்டி நின்றது. "நிறுத்தனதுதான் நிறுத்தனீங்க, நானும் அப்டி காத்தாட எறங்கிட்டு வரேன்" என்று தோப்பு ஆயாவும் இறங்கிக் கருவேலம் புதருக்குப் பின்னால் போனாள். தம்பியும் குதித்துத் தாத்தாவின் பின்னால் ஓடினான்.

வேப்பூரில் ஹைவேயைப் பிடித்து வேகம் எடுத்ததும் மறுபடியும் தாத்தா எழுந்தார். மறுபடியும் ஆயா, மறுபடியும் தம்பி. "சம்மந்திக்கு சர்க்கரை இருக்குமோ, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்று வீட்டுத் தாத்தா கவலைப்பட்டார். "இந்த லட்சணத்துல மலை பஸ்ஸு ஏறி எங்க போய்ச் சேர்றது" என்று அப்பா பொதுவாகச் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தாத்தாமேல் வந்த ஆத்திரத்தில் அவர் குல்லாவைத் தூக்கி ரோட்டில் வீசிவிடலாமா என்று இருந்தது.

அப்புறமும் நின்றோம். இந்தத் தடவை தம்பி திரும்பி ஓடி வந்து, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். "அப்பா! தாத்தா ஒண்ணுக்கே போவலப்பா! ஒவ்வொரு வாட்டியும் சும்மாதான் நிக்கிறாரு! லாரிய வேடிக்க பாக்கறாரு!"

தாத்தா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். அப்பா கீழே இறங்கினார். அவர் மாமனாரிடம் குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"ஏன் மாமா, வர இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட வேண்டியதுதான? புள்ளைங்க எத்தினி ஆசையா இருக்குதுங்க! இப்டி நாடகமா ஆடுவாங்க?"

தாத்தா தம்பியின் தலையில் கை வைத்தார். "இந்தப் பய கண்டுபுடிச்சிட்டானே" என்று சிரித்தார். "ஆமா மாப்ள. எனக்கு இஷ்டமில்ல. மாடு கன்ன உட்டுட்டு வர மனசு இல்ல. நீங்க சம்மந்திய கூட்டிக்கிட்டு நல்லபடியா போயிட்டு வாங்க."

அப்போதுதான் ஆயா புதருக்குப் பின்னாலிருந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். "நீ ஏறு, வெயில்ல நிக்காத" என்று தாத்தா அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வேன் அங்கேயே திரும்பியது.

தோப்புத் தாத்தாவே தன் வாயால் மாட்டேன் என்று சொன்ன பிறகு வீட்டுத் தாத்தாவுக்கு ஊர்ப்பேச்சு பற்றிய பயம் இல்லாமல் போயிற்று. நாங்கள் போனோம். பனி இருந்தது. பலகையில் மூன்று அடி சறுக்கினேன், முப்பது தடவை விழுந்தேன், உலகத்திலேயே எனக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டது என்று இருந்தேன். தோப்புத் தாத்தா குடும்பத்தில் ஒரு நிரந்தரக் கேலியாகிவிட்டார். எந்தக் கல்யாணத்துக்கு வேனில் போனாலும் வண்டி நின்றால், "யாருப்பா அது, தோப்புத் தாத்தாவா?" என்று யாராவது கேட்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார்.

போன மாதம் தோப்பு ஆயாவை விருத்தாசலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான்தான். தாத்தாவும் அதே மாதிரி ஒரு மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு வந்தார். சிறுநீர் அடக்க முடியாத தொந்தரவு எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

"இதுங்கல்லாம் பனிக்குப் போச்சுங்களே, அதுக்கு முன்னாலேர்ந்தே இருக்குதுங்க" என்றாள் ஆயா தரையைப் பார்த்து. "எங்க போனாலும் மாத்துப் பொடவ எடுத்துக்கிட்டுத்தான் போவேன். இவருக்கு மட்டுந்தான் தெரியும்."

"எனக்கும் அப்டித்தாங்க டாக்டரு" என்றார் தாத்தா அவசரமாக.

"தாத்தா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன். டாக்டரம்மா பேனாவை எடுத்து, "அப்படியா பெரியவரே, உங்களுக்கும் டெஸ்ட் எழுதிடவா?" என்றார். தாத்தா மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, அம்மா காதிலாவது போட்டிருக்கலாமே, அன்றைக்கே வைத்தியம் பார்த்திருக்கலாமே, இத்தனை வருடக் கேலி எதற்கு என்று பொரிந்து தள்ளினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டாம்மா. சம்மந்தி எதுர்ல அவ வண்டிய நிறுத்தச் சொல்ல முடியுமா? நான்னா ரெண்டு திட்டு திட்டுவாங்க, அத்தோட போச்சு" என்றார்.

அந்தச் சாம்பிள் பயணத்தன்று வேன் விருத்தாசலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தாத்தாவின் சாயம் வெளுத்துவிட்டது, இனி பனி எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில் எனக்குப் பசி எடுத்தது. அவர் மடியிலிருந்த மஞ்சப்பையில் கையை விடப் போனேன். அவர் பையை ஆயா பக்கம் நகர்த்தி, "அதுல முறுக்கு இல்லம்மா" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதையும் நான் நம்பவில்லை.