தட்டோரத்து மக்ரோனி

துறைமுகத்தில் அவளைக் கிரேன்காரி என்றால்தான் தெரியும். கப்பலிலிருந்து பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் பூப்போல இறக்கி வைப்பது அவள் வேலை. காலையில் ஏணி ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தாளானால் வேலை முடிந்துதான் இறங்குவாள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இறங்கிச் சாப்பிட்டு மறுபடி ஏறினால், சாப்பிட்டது முழுக்க ஏணியிலேயே செரித்துப் போய்விடும் என்பது அவள் கட்சி. அதனால் டப்பா அவளோடு மேலே போகும்.

மேலே சுடவைக்க வழி கிடையாது. ஆறிப்போனாலும் வாய்க்கு நன்றாக இருப்பது எது என்று, கல்யாணத்துக்கு முன்னால், ஒற்றை அடுப்பும் ஒற்றைப் பாத்திரமுமாக வாடகை அறையில் இருந்தபோதே எதையெதையோ ஆக்கிப் பார்த்தாள். பாதியைத் தின்னவே முடியவில்லை. கடைசியில் தக்காளி மக்ரோனியில் வந்து நின்றாள்.

அதில் ஒரு வித்தையும் இல்லை. வளைந்த குழல் மக்ரோனியை உப்புத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவிட்டு வடித்து, ஒரு தட்டில் கொட்டிக்கொள்ள வேண்டும். பல்லுக்கு வேலை வைக்கக் கூடாது. அதே பாத்திரத்தில் வெண்ணெய். நல்ல பழமான தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, கையாலேயே பிசைந்து அதில் விட்டு, உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகு மக்ரோனியைப் போட்டு ஒரு கிளறு. மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகக் கூடாது. கடைசி வேலைதான் கஷ்டமானது என்பாள்.

அவள் புருஷன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அவனுக்கு அந்த மக்ரோனி உயிர். வில்லங்கம் வந்தது அவன் அக்காவிடமிருந்து.

நாத்தனார் கடைவீதியில் கேக் கடை வைத்திருந்தாள். அடுக்கு அடுக்காக, மாளிகை மாதிரி கேக் செய்வாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமனார் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்பதை நாத்தனார்தான் போனில் உத்தரவு போடுவாள். முக்கியப் பதார்த்தம் எப்போதும் அவளுடையது. தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் ஒரே வரி: "நீ ஓரத்துக்கு ஏதாவது கொண்டு வாம்மா."

முதல் தடவை கிரேன்காரி பாத்திரத்தைத் திறந்தபோது நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ஆஸ்பத்திரியில காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கற மாதிரி? இதெல்லாம் இன்னும் பண்றாங்களா?" என்றாள்.

வேறொருத்தியாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அல்லது அடுத்த மாதம் வேறு ஏதாவது கொண்டுபோயிருப்பாள். இவள் இரண்டையும் செய்யவில்லை. அடுத்த மாதமும் மக்ரோனி. அதற்கடுத்த மாதமும் அதுவே. நாத்தனார் அதை ரொட்டிக் கூடைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், மகள் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, கையை நீட்டி ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார். புருஷன்காரனோ ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருப்பான்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், மாமனார் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் ஒழுங்காக இருந்திருந்தால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் நாத்தனாரும் கீழேயே சந்தித்துக்கொண்டார்கள். நாத்தனார் கையில் பெரிய தட்டு. அதில் மசாலா தடவி, வயிற்றில் ரொட்டித்தூளும் வெங்காயமும் அடைத்து, காலைக் கட்டி வைத்த முழுக்கோழி. மாமனார் வீட்டு ஓவனில் வைத்து, எல்லோர் முன்னாலும் பொன்னிறமாக எடுக்க வேண்டும் என்பது திட்டம். அந்த விருந்தை நம்பி அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கிரேன்காரி கையில் வழக்கமான பாத்திரம், மேலே ஒரு கரண்டி.

லிஃப்ட் பாதி வழியில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு மங்கியது. புருஷன்காரன் இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கினான். மணி மட்டும் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"எங்க நிக்கறீங்க?"

"நடுவுலப்பா. ரெண்டு மாடிக்கு நடுவுல," என்றான் மகன்.

"மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கானாம். வந்துடுவான்." பிறகு, மனசு கேட்காமல், "கோழி என்ன ஆச்சு?" என்றார்.

அடைசலான இடம் நாத்தனாருக்கு ஆகாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கோழித் தட்டைத் தம்பி கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்தாள். அது கிரேன்காரியின் கை. விரலெல்லாம் நசுங்குகிற பிடி.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கு இது ஆபீஸ் மாதிரி அண்ணி. அங்க காத்தடிச்சா கூண்டே ஆடும். இது ஆடவும் இல்ல."

"அப்ப என்ன பண்ணுவ?"

"மதியம்னா சாப்பிடுவேன்."

அதைச் சொன்னதும்தான் மூன்று பேருக்கும் பசி தெரிந்தது. பச்சைக்கோழியைப் பார்த்தார்கள். அதுவும் காலைக் கட்டிக்கொண்டு அவர்களோடு மாட்டிக்கொண்டதுபோலப் படுத்திருந்தது. கிரேன்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். இளஞ்சூடாகத் தக்காளி வாசனை அந்தச் சின்னப் பெட்டியை நிரப்பியது. மூடியில் கொஞ்சம் எடுத்துப் புருஷனுக்குக் கொடுத்தாள். கோழித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே தின்றான்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் நாத்தனார், யாரும் கேட்காமலே.

கிரேன்காரி தன் பங்குக்கு ஒரு வாய் சாப்பிட்டாள்.

"சரி, உப்புச் சரியா இருக்கான்னு பாக்கறேன்."

உப்புப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் மறுபடியும் பார்த்தாள். அப்புறம் அவளும் தரையில் உட்கார்ந்து, கரண்டியைக் கிரேன்காரியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கரண்டி பிடிப்பதற்காகத்தான் கிரேன்காரியின் கையை விட்டாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. பெட்டி அடைசல் என்பதும் மறந்துபோயிருந்தது.

மெக்கானிக் வந்து கதவைப் பிளந்து ஒவ்வொருவராக மேலே தூக்கிவிட்டபோது பாத்திரத்தில் கழுவுகிற அளவுக்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. மாமனார் உள்ளே எட்டிப் பார்த்தார். மகளின் முகவாயில் ஒட்டியிருந்த தக்காளியையும் பார்த்தார்.

"நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அவர் கோழி வேகும்வரை காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் நாத்தனார் போன் செய்தாள். கடைக்கு வந்த ஒரு அம்மா கேட்டார்களாம், அந்தத் தக்காளியைத் தோலோடு போடலாமா என்று. மறுநாள் அந்த அம்மாவுக்கு வெண்ணெயில் சந்தேகம் வந்தது. பூண்டு தட்டிப் போட்டு, சீஸ் தூவி, ஓவனில் வைத்தும் பார்த்தாராம், அந்த ருசி வரவில்லையாம். நான்காவது போனில் கிரேன்காரி, "அந்த அம்மாவ வீட்டுக்கே வரச் சொல்லுங்க அண்ணி," என்றாள்.

நாத்தனார் தானே வந்தாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் தண்ணி குடிக்கத் திரும்பினப்ப எதுவும் போடலையே?"

"போட என்ன இருக்கு இந்த வீட்டுல?"

மூடி போட்டதும் நாத்தனாரின் கை தானாக அதன்மேல் போயிற்று. கிரேன்காரி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் யாருக்கும் அடங்காத அந்த அம்மாள் அடங்கி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு நீ மட்டும் என் கையப் பிடிச்சிருக்கலைன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் எங்க பிடிச்சேன்? நீங்கதான் பிடிச்சீங்க. அடுத்த நாள் எனக்குக் கிரேன் லீவரே பிடிக்க வரல."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் உத்தரவு எதுவும் வரவில்லை. கிரேன்காரி வழக்கம்போல் மக்ரோனி செய்துகொண்டு போனாள். மேஜையில் ஏற்கெனவே ஒரு பாத்திரம் இருந்தது. திறந்தால் அதுவும் மக்ரோனி, நாத்தனார் செய்தது. வேறு ஒன்றுமே இல்லை.

மாமனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது முக்கியம், எது ஓரம்?"

அவர் இரண்டிலும் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார், முதல் தடவையாகப் பகிரங்கமாக. நாத்தனார் செய்தது தித்தித்தது. கேக் போட்டுப் பழகின கை, சர்க்கரையைச் சிட்டிகையோடு நிறுத்தவில்லை. அவளே ருசி பார்த்துவிட்டு, தம்பி பெண்டாட்டி செய்ததையும் ருசி பார்த்து, "உன் தக்காளி வேற கடை," என்று தீர்ப்புச் சொன்னாள்.

"இருக்கும் அண்ணி," என்றாள் கிரேன்காரி. இரண்டு பேரும் வாங்கியது ஒரே கடையில்தான்.

கிளம்பும்போது நாத்தனார், கிரேன்காரியின் பாத்திரத்தில் மிஞ்சியிருந்ததை வழித்து ஒரு கேக் டப்பாவில் போட்டு மூடினாள். கடையில் வேலை செய்யும் பெண்களுக்காம்.