யூரியா மூட்டைக்கு மறியல் போக ஒரு ஆள்

கிட்ட வந்து உக்காருங்க, இது கடைவாசல்ல நின்னு கத்திச் சொல்ற கதை இல்ல. பதுளையில உரக்கடை மூட்டை தூக்கியே வயசாகிப்போனவன் நான். ஒருத்தர் யூரியா கேக்குற விதத்துலயே அது செடிக்கா, கசிப்புங்கிற கள்ளச்சாராயத்துக்கான்னு எனக்குத் தெரிஞ்சிடும். கசிப்புக் குடிச்சுக் குடல் வெந்த ஆள் உங்க வீட்டுலயும் இருந்தா, என் கோவம் உங்களுக்கும் புரியும்.

மண் ஒட்டாத செருப்பு

வெலிமடை விவசாயி யூரியா கேக்குறதுக்கு முன்னாடி மழையைத் திட்டுவாரு, அழுகின கெழங்கைச் சொல்லி அழுவாரு. தெமோதரைப் பக்கம் கசிப்புக் காச்சுற முதலாளி அப்படி இல்ல. அவரு செருப்புல பொட்டு மண் இருக்காது. சாராயம் காச்ச ஊறப் போட்ட கோடாத் தண்ணியில யூரியாவைக் கொட்டுற பாவி அவருன்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கு அவரு வந்து ஒரு மூட்டை கேட்டாரு. கடைக்காரர் குடுக்கச் சொன்னாரு, நானும் தூக்கிக் குடுத்தேன். மனசு கேக்காம, "எந்தப் பயிருக்குங்க?"ன்னு கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு.

"குடிக்கிறவனும் கொஞ்சம் வளரட்டுமே, பெரியவரே!"

பன்னிரண்டு தகரம்

கொஞ்ச நாள்ல பொலிஸ் காச்சுற இடத்துல பாய்ஞ்சு பீப்பாயையும் மூட்டையையும் பிடிச்சுது. முதலாளி தப்பிட்டாரு. நம்ம பக்கத்துல ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. கேஸ்னு வந்தா காச்சினவன் கோட்டுக்குப் போகமாட்டான். தோட்டத்து லயத்துல குடியிருக்கிற ஏழை ஒருத்தனைப் பிடிச்சு, 'நான்தான் காச்சினேன்'னு சொல்ல வச்சு, அபராதத்தைக் கட்டிட்டு மறுநாளே அடுப்பை மூட்டுவான்.

இந்தத் தடவை அகப்பட்டவன் அருளப்பன். தேயிலைத் தோட்டத்துல உரம் போடுறவன், சொட்டுக் குடிக்கமாட்டான். வீடு ஒழுகுது, கூரைக்குப் பன்னிரண்டு தகரம் தர்றேன்னு முதலாளி சொன்னதும் தலையாட்டிட்டான். அவன் பொண்டாட்டி பிலோமினா மூச்சு வாங்கக் கடைக்கு ஓடி வந்தா.

"உரம் கலந்த கேஸுக்கு அபராதம் இல்லையாமே மாமா, மறியலாமே, ஜெயில்லயே போட்டுடுவாங்களாமே?"

"ஆமா புள்ள, பொலிஸ்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க."

நஞ்சைக் கலக்குறவனை உள்ள போடட்டும், நானே கதவைச் சாத்துறேன். ஆனா போறது யாரு? பிலோமினா கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"தகரம் வந்துடும் மாமா, அதுக்குக் கீழ படுக்க ஆளு எங்க?"

வாயை மூடின சாட்சி

மூட்டை எங்க கடையோடதுன்னு என்னையும் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டாங்க. "இது உங்க மூட்டைதானே?" "ஆமாங்க, இதை வாங்கிட்டுப் போனது..." அதுக்குள்ள எழுதுற பொலிஸ்காரர் பேனாவை மூடிட்டாரு. மூட்டைக்கு ஊர் கேக்குறாங்க, வாங்கினவனுக்குப் பேர் கேக்கல.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, தாத்தா."

கைப்பிடி அளவு

பிலோமினா புருஷனோட சண்டை போடல. "நீதவான் ஐயா என்ன கேட்டாலும் உங்க கைக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, எதையும் ஜோடிக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா. கோட்டுல கூண்டுல ஏறினவன் முதலாளி சொல்லிக் குடுத்தபடி, "நான்தான் காச்சினேன்"ன்னான். நீதவான் அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. "யூரியா எவ்வளவு போட்டே?"ன்னு கேட்டாரு.

"செடிக்கு ஒரு கைப்பிடிங்க ஐயா. தூர்ல படாம சுத்திவரத் தூவணும். ஈரம் இருக்கும்போதே போட்டுடணும்."

கோட்டுல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நீதவான் சிரிக்கல. அருளப்பனை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டு, பொலிஸ் பக்கம் திரும்பினாரு.

"இவன் வளத்தது தேயிலை. காச்சினவனைக் கொண்டு வாங்க."

வெளிய மரத்தடியில முதலாளி மூஞ்சி தொங்கி நின்னாரு. கோட்டுக்குன்னு அவரு வாங்கிக் குடுத்த வெள்ளைச் சட்டை இன்னும் அருளப்பன் மேல இருந்துச்சு. பிலோமினா அதை அங்கேயே கழட்ட வச்சா, நாலா மடிச்சா, பொலிஸ்காரங்க பாத்துட்டு நிக்கிறப்பவே முதலாளி கையில வச்சா.

"அடுத்த கோட்டுத் தவணைக்கு நீங்களே போட்டுட்டு வாங்க, முதலாளி."

சொல்லிட்டு, பெனியனோட நின்ன புருஷன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தெமோதரை பஸ்ஸுல ஏறிட்டா.